குளிர்காலம் முழுக்கக் கட்டி வைத்த ஜன்னல் ஏசி: ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதக் கடைசியில் அக்கா போன் செய்தாள். "ஏசியை ஆன் பண்ணா 'உம்'னு ஒரு சத்தம் வருது, பத்து எண்ணுறதுக்குள்ள 'டிக்'னு நின்னுடுது தம்பி. அஞ்சாறு தடவை போட்டுப் பார்த்தாச்சு. குளிர்காலம் பூரா ஷெட்ல கிடந்து உறைஞ்சு செத்துப்போச்சுன்னு மாமா சொல்றார். புதுசு வாங்கிடட்டுமா?"

"வாங்காதக்கா. பிளக்கைப் பிடுங்கிட்டு அப்படியே விட்டுடு. இனிமே ஒரு தடவைகூடப் போடாத. நாளைக்கு வர்றேன்" என்றேன்.

குளிர்பதன இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வெயில் தொடங்கும் வாரங்களில் இதே கதை வேறு வேறு வீடுகளிலிருந்து வரும். எல்லோரும் குளிரின் மேல்தான் பழியைப் போடுவார்கள். வேலை நெருக்கடியில் சரிசெய்து கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அக்கா வீட்டு இயந்திரம் என்பதால் இந்த முறை நிதானமாகப் பார்க்க முடிந்தது. இரண்டு நாள் திறந்து வைத்து ஆராய்ந்தேன். அடுத்த குளிர்காலத்துக்கு அதை நானே கட்டி வைத்தேன், எடை போட்டு, அளவெடுத்து. இந்த இரண்டு குளிர்காலங்களின் பதிவுதான் இது.

முதலில் மாமாவின் சந்தேகத்துக்குப் பதில். அந்தக் குளிர்காலத்தில் ஷெட்டுக்குள் மைனஸ் 18 டிகிரி வரை போயிருந்தது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் ஆர்-410ஏ. அது கொதிப்பதே மைனஸ் 51 டிகிரியில். மைனஸ் 18-லும் அடைத்த குழாய்க்குள் அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். பழைய இயந்திரங்களில் வந்த ஆர்-22, இப்போது வரும் ஆர்-32 எதை எடுத்தாலும் இதே நிலைதான். கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரின் எண்ணெய் குளிரில் கெட்டியாகும், ஆனால் கல்லாகாது. ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட் ஒவ்வொரு குளிர்காலத்தையும் பனிக்கு நடுவில்தான் கழிக்கிறது, கோடையில் மறுபடி ஓடுகிறது. குளிர் மட்டுமே ஏசியைக் கொல்லும் என்றால் அவற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எப்படி வைத்தார்கள்

இயந்திரத்தின் குளிர்விக்கும் திறன் 12,000 பிடியு, அதாவது ஒரு டன். ஆறு கோடை ஓடியது. எடை 35 கிலோவுக்குச் சற்று மேல். அக்டோபர் நடுவில், ஒரு வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, மாமாவும் மருமகனும் ஜன்னலிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். இறக்கும்போது சாய்ந்ததில் தண்ணீர் கொட்டியது. அத்தோடு எல்லாம் வடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அக்கா முன்பக்கக் காயிலை, அதாவது கேஸ் ஓடும் குழாய் வளைவுகளை, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டிருக்கிறாள். பிறகு தடித்த பாலித்தீன் தாளில் நான்கு பக்கமும் சுற்றி, ஒரு இடுக்குக்கூட இல்லாமல் டேப் ஒட்டி, சூடு வசதி இல்லாத ஷெட்டில் வைத்தார்கள்.

"எப்படி வெச்சீங்க மாமா, நிக்க வெச்சா, படுக்க வெச்சா?"

"நிக்க வெச்சா மேல் தட்டு இடிச்சுது. ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வெச்சுட்டோம். கீழே விழாம பத்திரமா இருக்கும்ல."

அவர் அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஏழு மாதம் அப்படியே கிடந்தது. மே மாதக் கடைசியில் எடுத்து வந்து, அரை மணி நேரத்துக்குள் ஜன்னலில் பொருத்தி, சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

கம்ப்ரசர்

உறுமிவிட்டு நின்றுபோகும் கம்ப்ரசரைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, மோட்டார் கிளம்ப உந்துதல் தரும் கப்பாசிட்டரை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை முறையாக வெளியேற்றாமல் கை வைக்கக்கூடாது; தெரியாதவர்கள் மேல்மூடியைத் திறக்கவே வேண்டாம். அதன் மேல் எழுதியிருந்தது 35 மைக்ரோஃபாரட், மீட்டர் காட்டியது 34.2. நல்ல நிலை. மோட்டார் சுருள்களின் மின்தடை சரியாக இருந்தது, பாடிக்கு மின் கசிவும் இல்லை. மின்பகுதி நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே சுழல வேண்டியது சுழல முடியவில்லை என்று தெரிந்தது.

ரோட்டரி கம்ப்ரசரின் அடியில் சில நூறு மில்லி எண்ணெய் தேங்கி நிற்கும். உருளையையும் தண்டையும் நனைப்பது அதுதான். கம்ப்ரசரைப் படுக்க வைத்தால் எண்ணெய் இடம் மாறும். கொஞ்சம் அழுத்த அறைக்குள் புகும், கொஞ்சம் குழாய்கள் வழியாகக் காயில் பக்கம் போகும். ஆவியை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அறைக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கும்போது மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது முக்கும், நகராது. அப்போது இழுக்கும் மின்சாரம் சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு. சுருள் சூடாகிறது, ஓவர்லோட் என்னும் பாதுகாப்பு சுவிட்ச் 'டிக்' என்று துண்டிக்கிறது. அக்கா கேட்ட சத்தம் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட சத்தம். அஞ்சாறு தடவை என்று அவள் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு தடவையும் சுருளின் வார்னிஷ் கொஞ்சம் வெந்திருக்கும்.

இங்கே குளிருக்கும் ஒரு பங்கு உண்டு. கேஸ் எப்போதும் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்த் திரவமாகும். ஷெட்டிலிருந்து வெதுவெதுப்பான வீட்டுக்குக் கொண்டு வந்தால் மெல்லிய காயில்கள் சீக்கிரம் சூடேறிவிடும். கனமான கம்ப்ரசர் மட்டும் பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். அப்போது கேஸ் அதற்குள் இறங்கி எண்ணெயில் கரையும். அந்த நேரத்தில் ஓட்டினால் எண்ணெய் நுரைத்துக்கொண்டு வெளியேறும், தண்டு உலர்ந்து உராயும். ஒரு நாள் காத்திருந்தாலே இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும். அரை மணி நேரம் போதாது.

ஆகவே நான் செய்தது காத்திருப்பதுதான். இயந்திரத்தை நேராக நிமிர்த்தி, 22 டிகிரி இருந்த கூடத்தில் 48 மணி நேரம் விட்டேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு நாள் சும்மா பார்த்துட்டு இருக்கறதுதான் ரிப்பேரா?" என்றாள். பொதுவாக 24 மணி நேரம் போதும். ஏழு மாதம் படுத்திருந்தது என்பதால் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கம்ப்ரசர் முதல் முயற்சியிலேயே எழுந்தது. பெயர்த்தகட்டில் எழுதியிருந்ததைவிடக் கொஞ்சம் குறைவான ஆம்பியர்தான் இழுத்தது. குளிர்ச்சி உடனே வரவில்லை. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் முதல் கால் மணி நேரம் 3 டிகிரி வித்தியாசம்தான். நல்ல இயந்திரத்தில் அது 8 முதல் 11 வரை இருக்க வேண்டும். ஒரு காயிலிலிருந்து இன்னொன்றுக்குக் கேஸ் போகும் கேபிலரி குழாயின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. காயில் பக்கம் போன எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். நாற்பது நிமிடத்தில் வித்தியாசம் 9 டிகிரிக்கு வந்து நிலைத்தது. இந்தக் கட்டத்தில்தான் பலர் 'கேஸ் போயிடுச்சு' என்று முடிவு கட்டி, தேவையில்லாமல் குழாயில் துளை போட்டு கேஸ் ஏற்றிவிடுகிறார்கள். அந்த நாற்பது நிமிடம் பொறுக்க வேண்டும்.

தண்ணீர் எங்கே ஒளிந்திருந்தது

கம்ப்ரசர் பிழைத்தது. ஆனால் ஃபேன் 'கர்ர்' என்று எதையோ உரசியது. அறை முழுக்க ஈரச் சாக்கு வாடை.

ஜன்னல் ஏசியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்பது பழுது அல்ல, அது வேண்டுமென்றே செய்த அமைப்பு. முன்காயிலில் வியர்க்கும் நீர் பின்பக்கம் ஓடி வந்து தட்டில் தேங்கும். பின் ஃபேன் இறக்கைகளின் நுனியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது தட்டில் உள்ள நீரைத் தொட்டு, பின்பக்கத்தில் இருக்கும் சூடான கண்டென்சர் காயில் மேல் வாரி இறைக்கும். நீர் ஆவியாகும்போது காயில் குளிரும், மின்சாரமும் மிச்சமாகும். அழகான யோசனை. ஆனால் இதே காரணத்தால்தான் சாய்த்து ஊற்றினாலும் தட்டு முழுதாக வடிவதில்லை. தட்டின் பள்ளங்களிலும், ஃபேனைச் சூழ்ந்த கூட்டின் அடியிலும், முன்பக்கத் தெர்மோகோல் பகுதிகளிலும், ஒட்டியிருக்கும் பஞ்சு நுரையிலும் நீர் மிஞ்சும்.

படுக்க வைத்தபோது மிஞ்சிய நீர் ஃபேன் கூட்டின் ஓரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். கூட்டின் பிளாஸ்டிக்கில் ஒரு சாண் நீள விரிசல், பக்கத்தில் கண்டென்சர் காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மடங்கியிருந்தன. கூடு உள்பக்கமாக வளைந்ததால் வளையம் அதில் உரசியது. தூக்கும்போது எங்கேயோ இடித்த விரிசலாக இருக்குமோ என்றும் யோசித்தேன். இடித்திருந்தால் வெளித் தகட்டில் தழும்பு இருக்க வேண்டும், அது இல்லை. விரிசலும் மடங்கிய ஃபின்களும், நீர் உலர்ந்து விட்டுச் சென்ற வெள்ளைக் கோட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தன. பனிக்கட்டியின் வேலைதான் என்று அதன் பிறகே எழுதிக்கொண்டேன்.

பாலித்தீன் தாளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்கறையோடு செய்யப்படும் தவறுகளில் இதுதான் அதிகம் பார்க்கிறேன். ஈரமான பொருளைக் காற்றுப் புகாத தாளில் சுற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஷெட் பகலில் கொஞ்சம் சூடேறும்; நீர் ஆவியாகித் தாளுக்குள் நிறையும். இரவில் தாள் முதலில் குளிரும். ஆவி அதன் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து, வழிந்து, மறுபடி இயந்திரத்தின் மேலேயே சொட்டும். மறுநாள் மீண்டும் அதே. வெளியே மழை இல்லை, ஆனால் தாளுக்குள் தினமும் தூறல்.

அறைக்குள் காற்றை ஊதும் பிளோவரைக் கழற்றினேன். ஒவ்வொரு இறக்கையிலும் கரும்புள்ளிகள். தெர்மோகோல் முழுக்கக் கறுப்பும் சாம்பலுமாய்ப் பூஞ்சணம். அது உறைபனி மாதங்களில் வளரவில்லை. மைனஸ் 18-ல் பூஞ்சணம் அசையாது. கட்டி வைத்த பிறகு அக்டோபர், நவம்பரில் கிடைத்த மிதமான வாரங்களும், பனி உருகிய பின் ஏப்ரல், மே வாரங்களும் அதற்குப் போதுமாக இருந்தன. ஈரம் ஓரிரு நாளுக்கு மேல் தங்கினாலே பூஞ்சணம் தொடங்கிவிடும். இங்கே தூசியும் தீனியாகக் கிடைத்தது. நடுவில் வந்த கடும் குளிர் அதை உண்மையில் நிறுத்தித்தான் வைத்திருந்தது. இதை விளக்கியபோது மாமா நெடுநேரம் அந்தப் பிளோவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளோவரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தோம். ஒட்டும் நுரையை உரித்துப் புதிதாக ஒட்டினேன். கூட்டை நிமிர்த்தி விரிசலை உள்பக்கமாகப் பட்டை கொடுத்து ஒட்டினேன். ஃபின்களை ஃபின் சீப்பால் நேராக்கினேன். முழுதும் நேராகவில்லை, காற்றுப் போகும் அளவுக்கு வந்தது.

வினிகர்

வீட்டில் இருக்கும் பாதுகாப்பான பொருள் என்று பலர் காயிலை வினிகரால் துடைக்கிறார்கள். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். கரிம அமிலம், ஈரம், காற்று மூன்றும் சேர்ந்து செப்புக் குழாயைத் தொட்டால் எறும்புப் புற்று போன்ற மெல்லிய துளைகள் உலோகத்துக்குள் கிளை பிரிந்து ஓடும். இந்தத் துறையில் அதற்கு எறும்புப்புற்று அரிப்பு என்றே பெயர். வெளியே பார்த்தால் ஒரு சின்னக் கறை. உள்ளே துளை சுவரைத் தாண்டிய அன்று கேஸ் கசியத் தொடங்கும். அலசாமல் துடைத்து, ஈரத்தோடு, காற்றுப் புகாத தாளில் ஏழு மாதம்: அந்த அரிப்புக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. காயிலைச் சுத்தமான தண்ணீரால் பலமுறை அலசினேன். "இனிமே பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு, நிறையத் தண்ணி, அவ்வளவுதான்க்கா" என்று சொல்லி வைத்தேன். அருகில் பெயின்ட், தின்னர், குளோரின் பொடி போன்றவற்றை வைப்பதும் இதே கணக்கில் சேரும். அவற்றின் ஆவி செம்புக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது.

இரண்டாம் குளிர்காலம்

அடுத்த அக்டோபரில் நானே போனேன். எவ்வளவு நீர் தங்குகிறது என்று தெரிந்துகொள்ளவே, முந்தைய ஆண்டு போலவே மழைக்குப் பின், உலர்த்தாமல் இறக்கினோம். இரண்டு பேர் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஜன்னல் சட்டத்தைத் தூக்கும் கணத்தில் இயந்திரத்தின் பெரும்பாலான எடை வெளிப்பக்கம்தான் இருக்கும்.

மாமா முந்தைய வருடம் சாய்த்த மாதிரியே சாய்த்து ஊற்றினோம். சொட்டுவது நின்றதும் எடை இயந்திரத்தில் ஏற்றினேன்: 36.2 கிலோ. வெளிக்கூட்டைக் கழற்றி, வடிகால் அடைப்பானை எடுத்து, பழைய பருத்தித் துணியால் தட்டை ஒற்றி ஒற்றிப் பிழிந்தோம்: 35.8. பிறகு கூடத்தில் நேராக நிறுத்தி, ஃபேன் மட்டும் ஆறு மணி நேரம் ஓட்டி, மூடியைத் திறந்தே வைத்து, எதிரில் ஒரு மேசை விசிறியையும் வைத்து இரண்டு நாள் விட்டேன்: 35.3. ஆக, 'எல்லாம் வடிந்துவிட்டது' என்று தோன்றிய பிறகும் ஏறத்தாழ 900 கிராம் நீர் உள்ளே இருந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் துணியால் எட்டவே முடியாத இடங்களில். மாமா முள்ளை மறுபடி மறுபடி குனிந்து பார்த்தார். "ஒரு லிட்டரா!" என்றார்.

சாதாரணமாக இவ்வளவு பாடு தேவையில்லை. இறக்குவதற்கு முன், மழையில்லாத ஒரு நாளில், ஜன்னலில் இருக்கும்போதே ஃபேன் மட்டும் நான்கைந்து மணி நேரம் ஓட்டினால் பெரும்பகுதி உலர்ந்துவிடும். கூல் போடக்கூடாது. வெளியே 16 முதல் 18 டிகிரிக்குக் கீழே போனபின் கம்ப்ரசரை ஓட்டினால் முன்காயிலில் பனி கட்டும், திரவம் கம்ப்ரசருக்குத் திரும்பும்.

உலர்ந்தபின் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டோம். காயில் தூசியை மென்மையான தூரிகையால், ஃபின் ஓடும் திசையில் மட்டும் தட்டி எடுத்தேன். மின்கம்பியைத் தளர்வாகச் சுருட்டி மேலே வைத்தேன்; கம்பியின் மேல் இயந்திரத்தை உட்கார வைத்தால் உறை நசுங்கும். திருகுகளையும் பக்கத்து மடிப்புத் தகடுகளையும் ஒரு பையில் போட்டு இயந்திரத்தோடேயே கட்டினேன். ஒவ்வொரு வருடமும் அந்தத் திருகுகளைத் தேடி அரை நாள் போகிறது என்று அக்காவுக்கு ஒரு பெரிய குறை.

வைத்த இடம் வீட்டுக்குள், மாடிப்படிக்கு அடியில். தரையில் இரண்டு மரச்சட்டம் போட்டு அதன்மேல் நேராக நிற்க வைத்தோம். மேலே பழைய பருத்திப் போர்வை, அடிப்பக்கம் திறந்து. தூசி தடுக்கப்படும், காற்று வந்து போகும். மேலே எதையும் அடுக்காதபடி மருமகன் ஒரு அட்டையில் 'இந்தப் பக்கம் மேலே, எதுவும் வைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினான்.

வீட்டுக்குள் இடமில்லாதவர்கள் ஷெட்டில் வைக்கலாம். உலர்ந்த இயந்திரம், நேராக நின்றால், உறைகுளிரைத் தாங்கும். அங்கே எலிதான் கவலை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். நுரையைக் கிழித்துக் கூடு கட்டும், கம்பியின் உறையைக் கடிக்கும். வடிகால் துளையையும் காற்றுத் திறப்புகளையும் நெருக்கமான கம்பி வலையால் மூடி, அதற்கு மேல் துணி போர்த்த வேண்டும்.

"கழட்டவே வேண்டாம், ஜன்னல்லயே விட்டுடலாமா?" என்று அக்கா கேட்டாள். சுவரில் துளையிட்டுக் கூண்டோடு பொருத்தியதென்றால், அல்லது தூக்க ஆளில்லாத அளவுக்குக் கனமென்றால், விடலாம். அப்போதும் தட்டை உலர்த்தி, வெளிப்பக்கம் மேலும் பக்கங்களும் மூடும் உறை போட்டு, அடிப்பக்கத்தை மூச்சுவிட விட்டு, முன்பக்கத்தில் உள்ள காற்றுத் திறப்பு நெம்புகோலை மூடி வைக்க வேண்டும். ஆனால் மடிப்புத் தகடுகள் வழியாக வீட்டின் வெப்பம் மாதக்கணக்கில் ஒழுகும். குளிர்ந்த உலோகத்தின் மேல் அறைக்குள் இருக்கும் காற்று வியர்த்து ஜன்னல் சட்டத்தை நனைக்கும். தூக்க முடியும் என்றால் கழற்றுவதே நல்லது என்று என் அபிப்பிராயத்தைச் சொன்னேன், அவளும் அதையே ஏற்றுக்கொண்டாள்.

மறுபடி மே மாதம்

போர்வையை எடுத்தபோது வாடை இல்லை. எடை 35.3, மாறவில்லை. இயந்திரம் வீட்டு வெப்பத்திலேயே நின்றதால் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஷெட்டில் இருந்திருந்தால் போர்வையைத் தளர்த்தி ஒரு நாள் கூடத்தில் விடச் சொல்லியிருப்பேன். 22 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 11 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த உலோகத்தின் மேலும் பனித்துளி படியும், மின்சுற்று அட்டையின் மேலும்தான்.

வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக, அரை விரல் சாய்வில் பொருத்தினோம். பிளக் போடுவதற்கு முன் ஃபேனைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன், எதையும் உரசவில்லை. பத்து நிமிடம் ஃபேன் மட்டும். பிறகு கூல். கம்ப்ரசர் உடனே எழுந்தது. பத்தாவது நிமிடத்திலேயே காற்று வித்தியாசம் 9 டிகிரி. போன வருடம் இதே இடத்துக்கு வர நாற்பது நிமிடம் ஆனது. மருமகன் சுவிட்சை அணைத்து உடனே போடப் போனான், தடுத்தேன். நிறுத்தினால் மறுபடி போட மூன்று நிமிடமாவது பொறுக்க வேண்டும். கேபிலரி வழியாக இரு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும்.

செப்புக் குழாய்தான் இன்னும் என் மனதில் இருக்கிறது. அரிப்பு உள்ளே தொடங்கியிருந்தால் அது மெதுவாகத்தான் வெளிப்படும். அதனால் அக்கா வீட்டு ஏசியின் பக்கவாட்டில், உள்ளே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். ஜூன் முதல் வாரமும் ஆகஸ்ட் முதல் வாரமும், அரை மணி நேரம் ஓடிய பிறகு, காற்று வித்தியாசத்தை மருமகன் அளந்து எழுத வேண்டும். இதுவரை மூன்று வரிகள்: 9, 9, 9.